எச்பிஎம்மா ஜிடிடிஆரா: உங்கள் வேலைக்கு எந்த மெமரி?

எச்பிஎம் (HBM), ஜிடிடிஆர் (GDDR) இரண்டும் கிராபிக்ஸ் கார்டில் வைக்கும் மெமரி வகைகள். கிராபிக்ஸ் கார்டு மெமரி பற்றிப் பேச்சு வந்தாலே "எச்பிஎம் இருந்தால் தனி வேகம்" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். பொய் இல்லை, ஆனால் பாதி உண்மைதான். மீதிப் பாதி தெரிய 2015க்குப் போக வேண்டும். அந்த ஜூனில் ஏஎம்டியின் ஃபியூரி எக்ஸ் வந்தது. எச்பிஎம் வைத்த முதல் கார்டு அது, விலை 649 டாலர். அதே மாதம், அதே விலைக்கு, பழைய ஜிடிடிஆர்5 மெமரியோடு என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 980 டிஐ வந்தது. இரண்டு மெமரியையும் நேருக்கு நேர் நிறுத்த இதைவிட நல்ல ஜோடி கிடையாது.

ஃபியூரி எக்ஸில் நொடிக்கு 512 ஜிபி போய்வரும், 980 டிஐயில் 336 தான். ஆனால் கேம்களில் 1080பி, 1440பி இரண்டிலும் பெரும்பாலும் 980 டிஐ முன்னால் நின்றது, 4கே வந்தால்தான் ஃபியூரி எக்ஸ் எட்டிப் பிடித்தது. அங்கேயும் ஒரு சிக்கல் இருந்தது: ஃபியூரி எக்ஸில் மெமரி மொத்தமே 4 ஜிபி, மற்றதில் 6. டெக்ஸ்சர் (கேமில் பொருள்களின் மேல் ஒட்டும் படங்கள்) எல்லாம் உள்ளே அடங்காமல் வெளியே வழிந்துவிட்டால், உள்ளே எவ்வளவு வேகம் இருந்தும் கேம் திக்கித் திக்கித்தான் ஓடும்.

இந்த வேகம் எங்கிருந்து வருகிறது? ஜிடிடிஆர் என்பது குறுகிய குழாயில் அழுத்தம் கொடுத்துத் தண்ணீர் விடுவது, எச்பிஎம் என்பது அகலமான மதகைத் திறந்து நிதானமாக விடுவது. 980 டிஐயில் 384 இணைப்புகள், ஒவ்வொன்றிலும் நொடிக்கு 7 ஜிகாபிட். ஃபியூரி எக்ஸில் 4096 இணைப்புகள், ஒவ்வொன்றிலும் 1 ஜிகாபிட் மட்டுமே. மெமரித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சிலிக்கானையே துளைத்து மேலும் கீழும் இணைத்து, ஓர் அடுக்குக்கு 1024 என்று நான்கு அடுக்குகளை கார்டின் முக்கியச் சிப்பான ஜிபியூவை ஒட்டியே வைத்துவிடுகிறார்கள். தூரமும் ஒவ்வோர் இணைப்பின் வேகமும் குறைவு என்பதால் மின்சாரமும் மிச்சம். ஆனால் அத்தனை ஆயிரம் கோடுகளைச் சாதாரண போர்டில் இழுக்க முடியாது, அடியில் சிலிக்கானாலேயே இன்னொரு தளம் வேண்டும். ஃபியூரி எக்ஸின் ஜிபியூ 596 சதுர மி.மீ., அதைத் தாங்கும் அந்தத் தளம், அதாவது இன்டர்போசர், 1000 சதுர மி.மீ.க்கும் மேல். விலை ஏறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒட்டிய பிறகு ஓர் அடுக்கு பழுதானால், கூடவே நல்ல ஜிபியூவும் வீணாகிறது.

2017இல் வந்த வேகா 64 கார்டின் கூலரைக் கழற்றிப் பேஸ்ட்டைத் துடைத்துப் பாருங்கள். நடுவில் கண்ணாடி மாதிரி ஜிபியூ, அதை ஒட்டி இரண்டு சின்னச் செவ்வகங்கள், அவ்வளவுதான் மெமரி. சுற்றி போர்டு வெறிச்சென்று இருக்கும். எனக்கு அது இன்றைக்கும் அழகான வேலைதான். ஜிடிடிஆர் கார்டில் கறுப்புச் சிப்கள் ஜிபியூவைச் சுற்றி வரிசையாக உட்கார்ந்திருக்கும். பார்க்க அழகில்லை, சரி, ஆனால் ஒன்று போய்விட்டால் ஹாட் ஏர் வைத்து அதை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்று வைக்கச் சர்வீஸ்காரரால் முடியும். வேகாவில் அந்த வழி இல்லை.

அப்புறம் கேமிங்கில் எச்பிஎம் ஏன் நிலைக்கவில்லை? 2019இல் 16 ஜிபி, நொடிக்கு 1 டிபி என்று ரேடியான் 7 வந்தது, 699 டாலர். எச்பிஎம் வைத்த ஏஎம்டியின் கேமிங் கார்டுகளில் அதுவே கடைசி. அடுத்த ஆண்டு வந்த ஆர்எக்ஸ் 6800 எக்ஸ்டி, ஜிபியூவுக்குள்ளேயே 128 எம்பி கேஷ் (அடிக்கடி வேண்டியதைக் கைக்கெட்டும் தூரத்தில் வைக்கும் சின்ன மெமரி) வைத்துக்கொண்டு 16 ஜிபி ஜிடிடிஆர்6ஓடு ஓடியது. அதன் மெமரி வேகம் 512 ஜிபி, ஐந்து வருடம் முன்னால் ஃபியூரி எக்ஸில் இருந்த அதே எண். கேமுக்கு அது போதுமாகத்தான் இருந்தது. 2025இல் ஆர்டிஎக்ஸ் 5090 ஜிடிடிஆர்7ஐ வைத்தே 1792 ஜிபி தொட்டுவிட்டது.

ஏஐ வேலையில் கணக்கு வேறு. பொதுவாக மாடல் ஒவ்வொரு டோக்கனை (ஒரு சொல் அல்லது சொல்லின் துண்டு) உருவாக்கும்போதும் தன் எடைகள் (கற்றுக்கொண்ட எண்கள்) முழுவதையும் மெமரியிலிருந்து ஒருமுறை படிக்க வேண்டும். 20 ஜிபி மாடல் என்றால், நொடிக்கு 1008 ஜிபி வேகமுள்ள, ஜிடிடிஆர் வைத்த ஆர்டிஎக்ஸ் 4090 நொடிக்கு அதிகபட்சம் 50 டோக்கன்தான் தரும். எச்பிஎம்3 வைத்த, டேட்டா சென்டருக்கான என்விடியாவின் எச்100இல் 3.35 டிபி, அதாவது 160க்கும் மேல். இங்கே கேஷ் காப்பாற்றாது, 20 ஜிபி எந்த ஜிபியூவின் கேஷிலும் அடங்காது. எச்பிஎம் எல்லாம் டேட்டா சென்டர் பக்கம் போனதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே கேம் விளையாட என்றால் யோசிக்கவே வேண்டாம், ஜிடிடிஆர் கார்டில் எத்தனை ஜிபி தருகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். பழைய ரேடியான் 7 மலிவாகக் கிடைத்து, கணக்கீட்டு வேலைக்காக வாங்க ஆசைப்பட்டால், விற்பவர் வீட்டிலேயே அரை மணி நேரம் மெமரிக்கு முழு லோடு கொடுத்து ஓட்டுங்கள், திரையில் ஒரு புள்ளி சிதறினாலும் பணத்தை எடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.