கன்னிமரா தேக்கு பார்க்கக் கிளம்புகிறவர்களே, முன்பணம் அனுப்பாதீர்கள்

அப்பா தச்சு வேலைக்காரர். காரைக்குடிப் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளில் பர்மா தேக்குக் கதவுகளையும் நிலைகளையும் பழுது பார்த்தே நாற்பது வருஷம் ஓட்டியவர். எழுபத்து மூன்று வயதில் அவர் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்தப் பரம்பிக்குளத்துத் தேக்கை ஒரு தடவை தொட்டுப் பார்க்கணும்டா."

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கன்னிமரா தேக்கு கேரளத்தில், பரம்பிக்குளம் புலிகள் காப்பகத்தில், தூணக்கடவுப் பக்கம் இருக்கிறது. வயது 450-க்கு மேல் என்கிறார்கள். உயரம் ஏறக்குறைய 40 மீட்டர், அடிமரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 7 மீட்டர். ஐந்து பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். 1994-95இல் இந்திய அரசு மகாவிருட்ச விருது கொடுத்த மரம். அதை வெட்டப் போனபோது கோடாலி பட்ட இடத்தில் ரத்தம் பீய்ச்சியது, அதனால் விட்டுவிட்டார்கள் என்று அந்த மலைவாழ் மக்களிடையே ஒரு கதை உண்டு. அப்பா அந்தக் கதையைக் கேட்டுச் சிரித்தார். "தேக்கந்தளிரைக் கசக்கினாலே கை செக்கச்செவேல்னு ஆயிடும், மரம் ரத்தம் விடாதா என்ன?"

மரம் கேரளத்தில் இருந்தாலும் வண்டிப் பாதை நம் பக்கத்து வழிதான்: பொள்ளாச்சி, ஆனைமலை, சேத்துமடை, டாப்சிலிப். பாலக்காட்டுக்காரர்களே பொள்ளாச்சி வழியாகச் சுற்றித்தான் வருகிறார்கள். சேத்துமடையில் தமிழக வனத்துறையின் சோதனைச் சாவடி, டாப்சிலிப் தாண்டினால் ஆனப்பாடியில் கேரள வனத்துறையினுடையது. இரண்டு மாநிலம், இரண்டு நுழைவுச் சீட்டு. ஏமாற்றுக்காரர் புகுந்து விளையாடியது இந்தக் குழப்பத்தில்தான்.

பூஜை விடுமுறைக்குக் குடும்பமாகப் போகலாம் என்று முடிவு செய்தோம். தெரிந்த ஒருவர் ஒரு ஜீப்காரரின் நம்பரைக் கொடுத்தார். போன் போட்டால் தேன் ஒழுகப் பேசினார். "கேரளா வேன்ல சீட்டு கிடைக்கறது கஷ்டமுங்க. நம்மகிட்ட ஸ்பெஷல் பர்மிட் இருக்குது. மரத்துக்கிட்டயே வண்டிய நிறுத்தறேன், ஐயா நடக்கவே வேண்டாமுங்க." அப்பாவுக்கு முழங்கால் வலி என்பதை முதல் நிமிஷத்திலேயே உளறியது நான்தான். நான்கு பேருக்கு 7,500 ரூபாய், பாதியை ஜிபேயில் முன்கூட்டியே அனுப்பச் சொன்னார். அனுப்பும்போது திரையில் வந்த பெயர் வேறு யாருடையதோ. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

காலை ஆறரைக்கு வருவதாகச் சொன்ன ஜீப் ஒன்பதே முக்காலுக்கு வந்தது. சேத்துமடையில் அவரே இறங்கிச் சீட்டு வாங்கினார், எங்களிடம் காட்டவில்லை. மலையேறி டாப்சிலிப்புக்குச் சற்று முன்னால், வளைவு தாண்டி, சாலையோரம் நிறுத்தினார். "இதுதானுங்க கன்னிமரா. சீக்கிரம் இறங்கிப் பார்த்துட்டு ஏறுங்க, ஆனை நடமாட்டம் இருக்குது."

பெரிய மரம்தான். என் மகன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டான், நான் மறுபக்கம் நின்று கையை நீட்டினேன். இரண்டு பேரின் விரல்களும் தொட்டுக்கொண்டன. ஐந்து பேர் வேண்டும் என்றார்களே?

அப்பா மரத்தைத் தொடவே இல்லை. பின்னால் பத்தடி நகர்ந்து இடமும் வலமும் பார்த்தார். "தம்பி, காட்டு மரம் வரிசையில நிக்குமா?" என்றார் ஜீப்காரரிடம். அப்புறம்தான் நானும் பார்த்தேன். கயிறு பிடித்து நட்டாற்போல ஒரே இடைவெளியில் தேக்குகள். "இது நட்ட மரம். மிஞ்சிப் போனா நூறு வயசு." ஆனைமலைத் தேக்கை வெள்ளைக்காரர்கள் கப்பலுக்கும் ரயிலுக்குமாக வெட்டித் தள்ளினார்கள், 1915-க்கும் 1926-க்கும் இடையில் அங்கே இருந்த ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி திரும்பவும் தேக்கு வளர்த்தார். அவர் கல்லறை டாப்சிலிப்பிலேயே இருக்கிறது. இதெல்லாம் அப்பாவுக்குத் தெரியாது. மரத்தைப் பார்த்தே சொன்னார்.

விவரப் பலகை எங்கே என்று கேட்டேன். மழையில் விழுந்துவிட்டதாம்.

டாப்சிலிப் போய் அங்கிருந்த வனத்துறை ஊழியரிடம் கேட்டபோது அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். தனியார் வண்டிக்கு ஸ்பெஷல் பர்மிட் என்று எதுவும் கிடையாது, ஆனப்பாடியில் கிளம்பும் வனத்துறை வேனில்தான் போக வேண்டும், வழிகாட்டியாக உள்ளூர்ப் பழங்குடியினர் ஒருவர் கூட வருவார், விடுமுறை நாளில் காலையிலேயே இடம் முடிந்துவிடும். நாங்கள் கேட்டபோது மணி பதினொன்றரை. மலைப்பாதையில் வண்டியை விட்டு இறங்கி நின்றதற்கும் சேர்த்துத் திட்டு வாங்கினோம். நியாயமான திட்டு, அது யானை, சிறுத்தை எல்லாம் குறுக்கே வரும் சாலை.

ஜீப்காரர் கீழே வரும் வழியெல்லாம் பேசவில்லை. பொள்ளாச்சியில் இறக்கிவிட்டு மீதிப் பணம் கேட்டார், கொடுக்க மறுத்தேன். "டீசல் யார் தருவா?" என்று கத்தினார். கூட்டம் கூடவும் போய்விட்டார். முன்பணம் 3,750 போனது போனதுதான். இப்போது அந்த நம்பர் என் அழைப்பை எடுப்பதில்லை. அன்றைய நுழைவுச் சீட்டைக்கூட நான் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளவில்லை, ஆகவே கையில் ஆதாரம் என்று இருப்பது ஒரு ஸ்கிரீன்ஷாட் மட்டும்.

நீங்கள் போவதானால் பரம்பிக்குளம் காப்பகத்தில் நேரடியாகப் பதிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் விடிந்ததும் ஆனப்பாடியில் போய் நில்லுங்கள். பைக்கில் போகலாம் என்று எண்ண வேண்டாம், விடமாட்டார்கள். கோடையில் காட்டுத்தீ பயத்தில் மூடி வைப்பதும் உண்டு, கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். யாராவது "ஸ்பெஷல் பர்மிட்" என்றால் போனை வைத்துவிடுங்கள். கூட்டிப் போனவர் காட்டும் மரத்தை இரண்டு பேரே கட்டிப்பிடிக்க முடிந்தால், அது வேறு மரம்.

தை மாதம் மறுபடி போகிறோம், இந்த முறை பதிவை நானே செய்கிறேன். அந்தப் பொய் மரத்தின் போட்டோவை அழிக்கப் போனேன், அப்பா விடவில்லை. "மரம் என்னடா பண்ணுச்சு? நல்ல நேர் மரம். இன்னும் முந்நூறு வருஷம் விட்டாத் தேறும்" என்கிறார்.