கிளமிடியாவுக்கு ஒரே வேளை மருந்தா, ஏழு நாள் மருந்தா?

கிளமிடியா என்னும் பால்வினைத் தொற்றுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் எழுதித் தருபவை இரண்டு: ஒரு கிராம் அசித்ரோமைசினை ஒரே வேளையில் விழுங்குவது, அல்லது 100 மில்லிகிராம் டாக்சிசைக்ளினை நாளைக்கு இருவேளை வீதம் 7 நாள் உட்கொள்வது. மருந்துக் கடையில் இரண்டையும் ஆண்டுக்கணக்கில் எடுத்துக் கொடுத்த எனக்கு, வாங்குபவர் எதை விரும்புவார் என்பதில் ஐயமே இருந்ததில்லை. 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டை அங்கேயே தண்ணீர் கேட்டு விழுங்கிவிட்டு, அட்டையைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாமல் நடந்துவிடலாம். டாக்சிசைக்ளினுக்கு 14 மாத்திரை; அவற்றை ஒரு வாரம் எங்கே மறைத்து வைப்பது என்பதே பலருக்குப் பெருங்கவலை.

ஆனால் தொற்றைத் தீர்ப்பதில் டாக்சிசைக்ளினே முந்துகிறது. லாஸ் ஏஞ்சலிஸின் இளையோர் சீர்திருத்த இல்லங்களில் மருந்தைக் கண்ணெதிரே விழுங்கச் செய்து நடத்தி, 2015இல் வெளியான ஆய்வில், பிறப்புறுப்புத் தொற்று டாக்சிசைக்ளினுக்கு 100 விழுக்காடும் அசித்ரோமைசினுக்கு 97 விழுக்காடும் குணமானது. இது சிறிய வித்தியாசம்தான். மலக்குடல் தொற்றில் கதையே வேறு: ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களிடம் ஆஸ்திரேலியாவில் நடத்தி, 2021இல் வெளியான ஆய்வில் டாக்சிசைக்ளினுக்கு ஏறத்தாழ 97 விழுக்காடும் அசித்ரோமைசினுக்கு 76 விழுக்காடும் குணமானது. பெண்களுக்கும் பிறப்புறுப்புத் தொற்றோடு மலக்குடல் தொற்று அறிகுறியின்றிச் சேர்ந்தே இருப்பதுண்டு என்பதால், இதை ஆண்களின் சிக்கல் என்று ஒதுக்க இயலாது. அதுவரை இரண்டையும் சமமாக வைத்திருந்த அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் 2021 வழிகாட்டுதலில் டாக்சிசைக்ளினை முதலிடத்துக்கு உயர்த்திவிட்டது.

டாக்சிசைக்ளினின் தொல்லைகளும் சிறியவையல்ல. படுக்கப் போகும்போது ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கினால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். அடுத்த சில நாளுக்கு எச்சில் விழுங்கவே வலிக்கும். ஆகவே ஒரு டம்ளர் தண்ணீர் முழுவதும் குடித்து, அரை மணி நேரமாவது நிமிர்ந்திருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையும் அமிலநீக்கியும் அதன் உறிஞ்சுதலைக் குறைக்கும். வெயிலில் தோல் எளிதில் கன்றிவிடும். கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது, அவர்களுக்கு அசித்ரோமைசின்தான்.

ஒரே வேளை மருந்தான அசித்ரோமைசினில் என் மனத்தாங்கல் ஒன்றுண்டு. அட்டையில் மூன்று மாத்திரை இருக்கும். மிஞ்சிய ஒன்று அடுத்த சளிக்குப் போய்விடும். அன்றிரவே குணமாகிவிட்டதாக நினைப்பவரும் உண்டு. எந்த மருந்தானாலும் 7 நாள் உடலுறவைத் தவிர்க்க வேண்டும், துணைக்கும் மருத்துவம் நடந்திருக்க வேண்டும். “வீட்டில் அவங்களுக்கும் சீட்டு வாங்கினீங்களா, சார்?” என்று தாழ்ந்த குரலில் நான் கேட்கும்போது, பெரும்பாலோர் சில்லறையை எண்ணத் தொடங்கிவிடுவார்கள்.