கணினி வேகம் இனி எங்கிருந்து வரும்: சிப்பிலிருந்தா, மென்பொருளிலிருந்தா?

கணினி வேகத்தைக் கூட்ட மூன்று வழிகள் உண்டு. முதலாவது, சிப்பின் உறுப்புகளைச் சிறுக்கி நெருக்கமாக அடுக்குவது. ஒரு சிப்பில் அடங்கும் உறுப்புகள் ஆண்டுதோறும் இரட்டிப்பாகும் என்று 1965இல் கணித்த, பின்னாளில் இன்டெலை இணைந்து நிறுவிய கார்டன் மூர், 1975இல் அதை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று திருத்திக்கொண்டார். அந்தக் கணக்கு இன்றும் தட்டுத்தடுமாறி ஓடுகிறது. முறிந்துபோனது வேறொன்று. சிப்பில் உள்ள நுண்ணிய மின் சுவிட்சான டிரான்சிஸ்டர் சிறுக்கச் சிறுக்க அது உண்ணும் மின்சாரமும் அதற்கேற்பக் குறையும் என்று 1974இல் ஐபிஎம் பொறியாளர் ராபர்ட் டெனார்டும் சகாக்களும் காட்டிய விகிதம் 2005 வாக்கில் பொய்த்துப்போயிற்று. வேகத்தைக் கூட்டினால் சிப் அளவுமீறிச் சூடாகும் நிலை வந்தது. 3.8 கிகாஹெர்ட்ஸைத் தொட்ட பென்டியம் 4இன் அடுத்த படியான 4 கிகாஹெர்ட்ஸ் பதிப்பை இன்டெல் 2004இலேயே கைவிட்டது. பிறகு முக்கியமாகக் கூடியது கோர்களின், அதாவது ஒரே சிப்பில் தனித்தனியே கணக்குப் போடும் பகுதிகளின் எண்ணிக்கை. ஆனால், ஒரு நிரலின் பத்தில் ஒரு பங்கு வரிசையாகத்தான் நடக்க வேண்டுமென்றால், ஆயிரம் கோர் போட்டாலும் பத்து மடங்கு வேகம் கிட்டாது. போதாக்குறைக்கு, தைவானின் சிப் தயாரிப்பு நிறுவனமான டிஎஸ்எம்சியின் 5 நானோமீட்டர் தலைமுறையிலிருந்து 3 நானோமீட்டர் வகையான என்3இக்கு வந்தபோது, சிப்பிலேயே இருக்கும் வேகமான நினைவகமான எஸ்ரேமின் செல் பரப்பு சிறுக்கவே இல்லை.

இரண்டாவது வழி, ஒரே வேலைக்கென்று வடிக்கப்படும் சிப். 2015 முதல் கூகுள் தன் தரவு மையங்களில் பயன்படுத்தும் டிபியு இவ்வகை. ஏஐக்கு அடிப்படையான நியூரல் நெட்வொர்க் கணக்கில் அது வல்லது. கணக்கு வழக்கு மென்பொருளுக்கு அதனால் பயனில்லை.

மூன்றாவதான மென்பொருள் சீரமைப்பைத்தான் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். எம்ஐடியின் கணினி அறிவியலாளர் சார்லஸ் லைசர்சன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2020இல் சயன்ஸ் இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 4096 கிடைவரிசையும் 4096 நெடுவரிசையும் கொண்ட இரு எண் அட்டவணைகளை (அணிகளை) பெருக்க பைத்தான் நிரலுக்கு ஏறத்தாழ ஏழு மணி நேரம் பிடித்தது. அதையே சி மொழியில் எழுதியபோது ஒன்பது நிமிடமாயிற்று. எல்லாக் கோர்களுக்கும் வேலையைப் பங்கிட்டு, தரவைச் சிப்பின் விரைவு நினைவகமான கேஷில் அடங்குமாறு துண்டாக்கி, ஒரே நேரத்தில் பல எண்களைக் கையாளும் வெக்டர் கட்டளைகளையும் பயன்படுத்தியபோது அரை நொடிகூட ஆகவில்லை. கணினி மாறவில்லை, வேகம் அறுபதாயிரம் மடங்கு கூடியது.

இந்த எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. அணிப் பெருக்கல் இத்தகைய சீரமைப்புக்கென்றே அமைந்த கணக்கு. தரவுத்தளத்தின் பதிலுக்குக் காத்துக் கிடக்கும் நிரலில் இதில் சிறு பங்கு கிடைத்தாலே பெரிது. மேலும், டிரான்சிஸ்டர் சிறுத்தபோது பழைய நிரல்களும் தாமாகவே வேகம் பெற்றன. இங்கோ ஒவ்வொரு நிரலையும் தனித்தனியே ஒருவர் உட்கார்ந்து பிரித்து மேய வேண்டும், அதுவும் ஒருமுறைதான் பலன் தரும். அப்படியிருந்தும், ஏஐ மாதிரிகளைப் பயிற்றுவிக்காத ஒரு நிறுவனத்துக்கு அடுத்த பத்தாண்டில் மலிவாகக் கிடைக்கக்கூடிய வேகம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. நிரல் எழுதித் தரும் ஏஐ கருவிகள் இந்த உழைப்பின் செலவைக் குறைத்தால் கணக்கு இன்னும் சாதகமாகும். அவை வெறுமனே நிரலின் அளவைப் பெருக்கினால், புதிய சிப் தரும் வேகத்தையும் அந்த நிரலே விழுங்கிவிடும்.