ஒரே ரிவால்வர், ரெண்டு சிலிண்டர்: .357ல 9எம்எம் போட்டு ஆறு வருஷம் சுட்ட அனுபவம்

என்கிட்ட இருக்குறது ரூகர் நியூ மாடல் பிளாக்ஹாக் கன்வர்ட்டிபிள். அடிப்படையில இது .357 மேக்னம் துப்பாக்கி, கூடவே பேக்டரியிலயே பிட் பண்ணின இன்னொரு சிலிண்டரும் வரும், அத மாட்டினா 9எம்எம் லூகர் சுடலாம். டார்கெட் மட்டும்தான், வேற எதுக்கும் நான் இத எடுக்குறதில்ல. வாங்கி ஆறு வருஷம் ஆச்சு, இதுவரைக்கும் 9எம்எம் நாலாயிரத்துக்கு மேல, .38 ஸ்பெஷல் (.357 சிலிண்டர்லயே போகுற குட்டை தோட்டா) ரெண்டாயிரம் பக்கம், முழு பவர் .357 ஒரு அறுநூறு எழுநூறு, எல்லாம் நோட்டுல எழுதி வச்சிருக்கேன். ஒரு ரிவால்வர் ரெண்டு ஜாதி தோட்டாவ உண்மையிலயே ஒழுங்கா சுடுமான்னு கேக்குறவங்களுக்குத்தான் இது.

சுருக்கமா சொல்லணும்னா சுடும், நல்லாவே சுடும். ஆனா இந்த துப்பாக்கிக்கு வீட்டுக்காரன் .357தான், 9எம்எம் வந்து தங்குற விருந்தாளி. இத மனசுல வச்சுகிட்டு வாங்கினா ஏமாற்றமே இருக்காது.

மொதல்ல மாத்துற வேலை. 1973ல வந்த நியூ மாடல்ல இருந்து லோடிங் கேட்ட (தோட்டா போடுற சின்ன கதவு) திறந்தாலே சிலிண்டர் ஃப்ரீயா சுத்தும், ஹேமர பாதி இழுக்குற பழைய பழக்கம் தேவையில்ல. ஆறு அறையும் காலின்னு கண்ணால பாத்து, விரலால ஒருக்கா தடவியும் பாத்துட்டு, பேரலுக்கு அடியில இருக்குற பேஸ் பின் (சிலிண்டர் சுத்துற அச்சு), அதோட லாட்ச்ச அழுத்தி பின்ன முன்னாடி இழுத்தா சிலிண்டர் வலது பக்கமா கையில வந்து விழும். அடுத்தத வச்சு, பின்ன உள்ள தள்ளி, லாட்ச் 'டிக்'னு உக்காந்துச்சான்னு பாக்கணும், அவ்ளோதான், அரை நிமிஷ வேலை. ஸ்க்ரூ டிரைவர் கூட வேணாம்.

சிலிண்டர கையில எடுத்து பாத்தா அதுல துப்பாக்கி சீரியல் நம்பரோட கடைசி மூணு எண்ணு சின்னதா பொறிச்சிருக்கும். அது சும்மா அழகுக்கு இல்ல. அந்த சிலிண்டர் இந்த ஃப்ரேமுக்குன்னு பாத்து பிட் பண்ணினது, ஒவ்வொரு அறையும் பேரலுக்கு நேரா வந்து நிக்கணும், சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவுல இருக்குற இடைவெளியும் சரியா இருக்கணும். என்னோடதுல ஃபீலர் கேஜ் விட்டு பாத்தப்ப .357 சிலிண்டர்ல 0.15 மி.மீ, 9எம்எம்ல 0.13 மி.மீ வந்துச்சு, ஆறு வருஷத்துல அதுல சொல்ற மாதிரி மாற்றம் இல்ல. பழைய துப்பாக்கி வாங்குறவங்க இந்த மூணு எண்ணையும் ஃப்ரேம்ல இருக்குற சீரியலையும் ஒப்பிட்டு பாக்காம காசு குடுக்காதீங்க, வேற துப்பாக்கியோட சிலிண்டர சொருகி "கன்வர்ட்டிபிள்"னு விக்கிறவங்க இருக்காங்க, அது உள்ள போகும், சுத்தவும் சுத்தும், ஆனா அறை கொஞ்சம் விலகி நின்னா புல்லட் (தோட்டாவுல இருந்து பறந்து போற முனை) பேரல் வாயில உரசி ஈயத்த செதுக்கி பக்கவாட்டுல துப்பும், பக்கத்து லேன்ல நிக்கிறவர் கன்னத்துல போய் படும்.

பலருக்கு வர்ற மொத சந்தேகம் பிரஷர். பெரிய துப்பாக்கியில சின்ன தோட்டா, அதனால பிரச்சனையே இல்லன்னு சிலர் நினைக்கிறாங்க, ரிவால்வருக்கு 9எம்எம் ஆகாதுன்னு சிலர் பயப்படுறாங்க. அமெரிக்க ஸ்டாண்டர்டுல ரெண்டுக்கும் உச்ச பிரஷர் ஒண்ணுதான், 35,000 பிஎஸ்ஐ (சதுர இஞ்சுக்கு இத்தன பவுண்டுங்கற கணக்கு). .38 ஸ்பெஷலுக்கு 17,000தான். அதனால இந்த ஃப்ரேமுக்கு 9எம்எம் பாரமே இல்ல, .357க்கு கட்டின கட்டு அப்படியே தாங்குது. 1967லயே ரூகர் இந்த ஜோடிய கொண்டு வந்துடுச்சு.

தோட்டா மாறி போட்டுட்டா? கைய வச்சு பாத்தா புரிஞ்சிடும். 9எம்எம் கேஸ் (தோட்டாவோட பித்தளை கூடு) 19.15 மி.மீ நீளம், அடிப்பக்கம் கொஞ்சம் பெருத்து வாய் பக்கம் ஒடுங்கி இருக்கும், அதனால .357 அறையில முழுசா இறங்காது. .38 ஸ்பெஷல் 29.3 மி.மீ, அத 9எம்எம் அறையில போட்டா வழியிலயே நின்னு ஒரு சென்டிமீட்டர் வெளிய துருத்திகிட்டு நிக்கும், சிலிண்டர் சுத்தவே விடாது. இருந்தாலும் நான் ரெண்டு தோட்டா டப்பாவையும் ஒரே மேஜையில திறந்து வைக்கிறதில்ல. 9எம்எம் சுடுற நாள் 9எம்எம் நாள்தான்.

இப்ப குறி விஷயம், இங்கதான் விருந்தாளி கதை. பேரல் .357க்கு போட்டது, 9எம்எம் புல்லட் .355 இஞ்சு, அதாவது ஒரு இம்மியளவு மெலிசு. அதோட சிலிண்டர் நாலு சென்டிமீட்டர் நீளம், 9எம்எம் தோட்டா முழுசா சேர்த்தே மூணு சென்டிமீட்டருக்குள்ள, அதனால புல்லட் கேஸ விட்டு கிளம்பி ஒரு வெத்து குகைய தாண்டித்தான் பேரல்ல பிடி கிடைக்கும். ரைஃப்ளிங்கும் (புல்லட்ட சுழல வைக்க பேரல் உள்ள வெட்டின வரி) 16 இஞ்சுக்கு ஒரு சுத்து, 9எம்எம் பிஸ்டல்கள்ல வழக்கமா 10 இஞ்சுக்கு ஒண்ணு. இதெல்லாம் சேர்ந்து என்ன ஆகுதுன்னா, பெஞ்சுல கை ஊனி 25 மீட்டர்ல 158 கிரெயின் (புல்லட் எடை அளவு) ஈய புல்லட் போட்ட .38 எனக்கு ஆறு சென்டிமீட்டர் வட்டத்துல அடங்கும், சாதா 115 கிரெயின் 9எம்எம் பத்து பதினொண்ணு. 124 கிரெயின் எட்டு எட்டரைக்கு வந்துச்சு, இப்ப அத மட்டும்தான் வாங்குறேன். உருக்கி ஊத்தின ஈய புல்லட்ட .356 சைஸ்ல போட்டப்ப இன்னும் கொஞ்சம் இறுகிச்சு. மேட்ச்சுக்கு போறவங்களுக்கு இந்த வித்தியாசம் பெருசு, பிராக்டிஸுக்கு ஒண்ணுமே இல்ல, கை எங்க ஆடுது ட்ரிகர எப்படி இழுக்குறோம்னு கத்துக்க எட்டு சென்டிமீட்டர் வட்டத்துல அடிக்கிற துப்பாக்கி தாராளம்.

அடி படுற இடமும் மாறும். 9எம்எம் இலேசான வேகமான புல்லட், பேரல் மேல எழும்பறதுக்குள்ள வெளிய போயிடும், அதனால என் .357 சைட்டுக்கு நாலு விரக்கடை கீழ அடிக்கும். பின்பக்க சைட் அட்ஜஸ்ட் பண்ற டைப்புங்கறதால எத்தன கிளிக் ஏத்தணும்னு ஒருக்கா கண்டுபிடிச்சு நோட்டு மொத பக்கத்துல எழுதிட்டேன், சிலிண்டர் மாத்துறப்பவே அந்த கிளிக்கும் மாறிடும், அது கைப்பழக்கமா ஆயிடுச்சு.

ரீகாயில் (சுடுறப்ப துப்பாக்கி பின்னாடி உதைக்கிறது) பத்தி ஒரு வார்த்தை: ஒரு கிலோவுக்கு மேல கனமான இந்த இரும்புல 9எம்எம் சும்மா தட்டி குடுக்குற மாதிரி இருக்கும். புதுசா கத்துக்க வர்றவங்க கையில நான் குடுக்குறது இததான்.

பிரச்சனை வந்த ரெண்டு இடத்த விரிவா சொல்றேன். ரெண்டாவது வருஷம் நானே ரீலோட் பண்ண (சுட்ட கேஸ்ல திரும்ப மருந்தும் புல்லட்டும் போட) ஆரம்பிச்சேன். ரேஞ்ச்ல பொறுக்கின பல ரக பித்தளை கேஸ், கழுவி லோட் பண்ணி எடுத்துட்டு போனேன், அறுபது ரவுண்டுல நாலு வெடிக்கல. ஹேமர் விழுது, 'டக்'னு சத்தம், அவ்ளோதான். முனைய டார்கெட் பக்கமே வச்சுகிட்டு முப்பது செகண்டு எண்ணி, அப்புறம்தான் கேட்ட திறக்கணும், இதுல அவசரமே கூடாது. எடுத்து பாத்தா பிரைமர்ல (தோட்டா அடியில இருக்குற, அடிபட்டா தீப்பத்துற சின்ன மூடி) ஃபயரிங் பின் பட்ட குழி பட்டும் படாம இருக்கு. எனக்கு ஸ்பிரிங் மேலதான் சந்தேகம். அங்க வழக்கமா வர்ற பெரியவர் ஒருத்தர் வாங்கி பாத்துட்டு "தம்பி, ஸ்பிரிங்க விடு, கேஸ் வாய பாரு, இது .38 இல்ல"ன்னார். அப்பதான் உறைச்சுது. .357க்கும் .38க்கும் பின்னாடி விளிம்பு இருக்கு, தோட்டா அதுலதான் தொங்கி நிக்கும், வாய எவ்ளோ மடக்கினாலும் நிக்கிற இடம் மாறாது. 9எம்எம்க்கு அந்த விளிம்பு கிடையாது, கேஸ் வாய் அறைக்குள்ள இருக்குற படியில முட்டித்தான் நிக்கும். நான் .38 பழக்கத்துல வாய உள்பக்கமா சுருட்டி கிரிம்ப் பண்ணிட்டேன், கேஸும் சிலது குட்டை, ரெண்டும் சேர்ந்து தோட்டா அறைக்குள்ள ஆழமா இறங்கிடுச்சு, ஃபயரிங் பின் எட்டல. பிஸ்டல்ல எக்ஸ்ட்ராக்டர் கொக்கி கேஸ பிடிச்சு வச்சிருக்கும், அதனால அங்க இந்த தப்பு தெரியாமலே போகும், ரிவால்வர் உடனே காட்டி குடுத்துடும். வாய நேரா ஒடுக்குற டேப்பர் கிரிம்ப்புக்கு மாறி, கேஸையும் ஒரே கம்பெனியா பிரிச்சு வச்சேன், அதுக்கப்புறம் கை லோடுல ஒண்ணு கூட மிஸ் ஆகல.

அதே சமயம் கிரிம்ப் ரொம்ப தொளதொளன்னும் இருக்க கூடாது, சுடுறப்ப மத்த தோட்டாக்கள்ல இருக்குற புல்லட் ரீகாயில் இழுப்புல முன்னாடி நகரும். அஞ்சு சுட்டுட்டு ஆறாவத வெளிய எடுத்து வெர்னியர்ல அளந்து பாப்பேன், புது லோடு எதுவா இருந்தாலும்.

ரெண்டாவது பிரச்சனை பேஸ் பின். நாலாவது வருஷம் ஒரு நாள் முழு பவர் .357 சுட்டுகிட்டு இருக்கேன், திடீர்னு சிலிண்டர் இறுகுன மாதிரி இருந்துச்சு. பாத்தா பின் அரை சென்டிமீட்டர் முன்னாடி வந்து நிக்குது. நூத்துக்கணக்குல மாத்தி மாத்தி லாட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கு, பெரிய ரீகாயில்ல பிடி விட்டுடுச்சு. கொஞ்சம் கட்டியான ஸ்பிரிங் போட்டதும் சரியாயிடுச்சு. சிலிண்டர் மாத்துற ரிவால்வர் வச்சிருக்குறவங்க ஒவ்வொரு ஆறு ரவுண்டுக்கும் கட்டை விரலால பின்ன ஒரு அழுத்து அழுத்தி பாருங்க.

சுத்தம் பண்றதுல 9எம்எம் சிலிண்டர் தங்கம். .357 சிலிண்டர்ல .38 நிறைய சுட்டா குட்டை கேஸ் நிக்கிற இடத்துக்கு முன்னாடி கரி வளையம் கட்டும், அப்புறம் .357 போட்டா பாதியில சிக்கும், பிரஷ் போட்டு தேய்க்கணும். 9எம்எம்ல அந்த தொல்லை இல்ல. கேஸ் ஒடுங்கின வடிவம்ங்கறதால எஜெக்டர் ராட ஒரு விரல்ல தட்டினாலே வெளிய வந்து விழும். இந்த மாடல்ல ஒவ்வொரு கேஸா தள்ளி எடுக்குறதால மூன் கிளிப்பும் வேணாம். மத்த 9எம்எம் ரிவால்வர் நிறையத்துல எல்லா கேஸையும் ஒண்ணா வெளிய எடுக்க அந்த தகட்டு வளையம் வேணும், அது வளைஞ்சா சிலிண்டர் சுத்தாது.

இந்த அனுபவத்த வச்சு ஒண்ணு அழுத்தி சொல்லணும். நான் பேசுறது பேக்டரி ஜோடி சிலிண்டர் பத்தி மட்டும்தான். இருக்குற சிலிண்டர குடைஞ்சு வேற தோட்டாவுக்கு மாத்துறது வேற கதை. அதே ரேஞ்ச்ல ஒருத்தர் பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் விக்டரி மாடல் கொண்டு வந்தார், ரெண்டாம் உலகப்போர்ல பிரிட்டனுக்கு போன .38/200 ரகம், போர் முடிஞ்சு சர்ப்ளஸ்ல வித்தப்ப யாரோ அறைய நீளமா குடைஞ்சு .38 ஸ்பெஷலுக்கு ஆக்கியிருக்காங்க. அந்த மாதிரி நிறைய இருக்கு. ஆனா .38/200க்கு போடுற பழைய .38 எஸ் அண்ட் டபிள்யூ கேஸ் ஸ்பெஷல விட தடிமன், அதனால அறையோட பின்பாதி பெருசாவே இருக்கும், குடைஞ்சு அத சின்னதாக்க முடியாது. அவர் சுட்ட கேஸ கையில வாங்கி பாத்தேன், அடிப்பக்கம் கர்ப்பம் மாதிரி உப்பி, பக்கத்துல மயிரிழை மாதிரி ஒரு விரிசல். வெப்லி (பழைய பிரிட்டிஷ் ரிவால்வர்) கதை இன்னும் மோசம், .455க்கு செஞ்ச பழைய துப்பாக்கி சிலிண்டரோட முதுக சீவி, அரை வட்ட கிளிப்புல .45 ஏசிபி போடுற மாதிரி பண்ணி வித்தாங்க, .45 ஏசிபியோட 21,000 பிஎஸ்ஐ அந்த இரும்பு தாங்குறதுக்கு செஞ்சதே இல்ல. உள்ள போகுதுங்கறதுக்காக சுடலாம்னு அர்த்தம் இல்லைங்க. .38 ஸ்பெஷல் சிலிண்டர .357க்கு நீட்டி குடையுறதும் இதே ரகம்தான், பிரஷர் ரெட்டிப்பு.

சட்டமும் பாத்துக்கோங்க, ஐரோப்பிய யூனியன் விதியில சிலிண்டர் துப்பாக்கியோட முக்கிய பாகங்கள்ல ஒண்ணு, சும்மா ஸ்பேர் பார்ட் மாதிரி வாங்க முடியாது, வேற நாடுகள்லயும் இப்படி இருக்கலாம், லைசென்ஸ் தர்ற இடத்துல கேட்டுட்டு வாங்குங்க.

இப்ப இந்த மாசம் கணக்கு: ரெண்டு சிலிண்டரும் தனித்தனி துணிப்பையில, 9எம்எம் பையில செவப்பு நூல் கட்டியிருக்கேன். சனிக்கிழம 124 கிரெயின் ஐம்பது ரவுண்டு, கடைசில சிலிண்டர மாத்தி சைட்ட கீழ எறக்கி பன்னெண்டு .357. .357 சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவுல கேப் அதே 0.15, லாக்கப் (சிலிண்டர் பூட்டி நிக்கிற பிடி) ஆடல, பேஸ் பின் நகரல.