யாங்கோன் கரண்டில் ஒரு ஜப்பான் ரிசீவர்

டிவி சத்தத்தைப் பெருக்கி அறையைச் சுற்றியுள்ள ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ரிசீவர் வாங்க வேண்டும், எது நல்லது என்று என்னிடம் கேட்கிறவர்கள் எல்லோரும் எத்தனை வாட் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். யாங்கோனில் குடியிருக்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது, சாயங்காலம் 7 மணிக்குத் தன் வீட்டுப் பிளக்கில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்பதை. வாட், சேனல், பிராண்டு எல்லாம் அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம். சில வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கும் ரிசீவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்குப் பாதிக்குப் பாதி கரண்டு கதைதான் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது யமஹா ஆர்எக்ஸ்-வி385. 2018-இல் வந்த மாடல். 5.1 சேனல் (ஐந்து ஸ்பீக்கர், பேஸுக்குத் தனியாக ஒரு சப்வூஃபர்), நான்கு எச்டிஎம்ஐ இன்புட், ஒரு அவுட்புட், புளூடூத், அறையை அளக்க ஒரு மைக். வைஃபை கிடையாது, தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரவைக்கும் அட்மாஸ் கிடையாது. புதிதாக வாங்கியதல்ல, ஜப்பானிலிருந்து கண்டெய்னரில் வந்து இறங்கும் பழைய சாமான் கடையில் ரைஸ் குக்கர்களுக்கு நடுவே கிடந்தது. புது ரிசீவர் இங்கே கிடைக்காமல் இல்லை. ஆனால் டாலர் ஏறிய ஏற்றத்தில் விலை கேட்டாலே தலை சுற்றுகிறது, கடையில் இருப்பதும் ஒன்றோ இரண்டோதான், பிடிக்கவில்லை என்றால் வேறு பார்க்க வழியில்லை. அந்தக் காசில் பாதிகூட ஆகாமல் ரிசீவர், வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர், முன்பக்க ஸ்பீக்கர் ஜோடி மூன்றும் எனக்கு முடிந்துவிட்டன.

அதே கடையில் 2010-ஐ ஒட்டிய பெரிய பெரிய ரிசீவர்களும் மலிவாகக் கிடந்தன, ஒவ்வொன்றையும் தூக்கவே இரண்டு ஆள் வேண்டும். சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் பகுதி அவற்றில் அருமையாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் 4கே படத்தை 60 ஃபிரேமில் கடத்தும் எச்டிஎம்ஐ 2.0 வந்ததே 2013-இல்தான், அதற்கு முந்திய பெட்டி வழியாக 4கே பாக்ஸை 60 ஃபிரேமில் டிவிக்குக் கொண்டுபோக முடியாது. கனமாக இருக்கிறதே என்று ஆசைப்பட்டு எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, கரண்டுக்கு வருவோம். ஜப்பானில் வீட்டுக் கரண்டு 100 வோல்ட், நமக்கு 230. டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே விற்கும் சாமான்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் தோதாகவே இருக்கும், பின்பக்கம் 50/60 என்று அச்சாகியிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தால் போதும். வோல்ட்டைக் குறைக்க ஸ்டெப்டவுன் போட்டால் வேலை முடிந்தது என்றுதான் கடையில் சொல்வார்கள். முடியவில்லை. ஸ்டெப்டவுனுக்கு 100 வோல்ட் என்றால் என்னவென்று தெரியாது, வருவதை ஒரே விகிதத்தில் வகுத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். 230 வந்தால் 100 கொடுக்கும். எல்லா வீட்டிலும் ஏசி ஓடும் ஏப்ரல் மாதச் சாயங்காலம் 180-க்கு இறங்கினால் 78 கொடுக்கும். நடுராத்திரி ஊர் அடங்கி 250 ஏறினால் கிட்டத்தட்ட 109. ஜப்பானில் வீட்டுக்கு வரும் கரண்டு 95-க்கும் 107-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பது விதி, அந்த அளவை நம்பித்தான் பெட்டியைச் செய்திருக்கிறார்கள். 78-இல் அது பாட்டுக்கு அணைந்து அணைந்து எரியும், பெரிய சேதம் இல்லை. 109-இல்தான் சத்தமில்லாமல் உள்ளே சூடேறிக்கொண்டிருக்கும்.

எனக்கு ஸ்டெப்டவுன் சுற்றிக் கொடுத்த பாய் இந்த ஊரில் பல வருடமாக இதே வேலை செய்கிறவர். மேசையில் மீட்டரை வைத்து முள்ளைக் காட்டிக்கொண்டே சொன்னார்: "ஸ்டெபிலைசர் முன்னாடி, ஸ்டெப்டவுன் பின்னாடி, தம்பி. மாத்திப் போட்டுட்டு எங்கிட்ட வராதீங்க." சுவரிலிருந்து ஸ்டெபிலைசர், ஸ்டெபிலைசரிலிருந்து ஸ்டெப்டவுன், அதிலிருந்து ரிசீவர். அந்த ஸ்டெபிலைசரிலும் தாமதமாகத் திறக்கும் வசதி இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், ஃபிரிட்ஜுக்கு விற்பதில் இருக்கும். மின்வெட்டு முடிந்து கரண்டு வரும் முதல் சில நொடிகளில் வோல்ட் எகிறிக் குதிக்கும், அந்த நேரத்தில் பெட்டிக்குள் எதுவும் போகாமல் இருந்தாலே பாதி ஆயுள் கூடும்.

ஸ்டெப்டவுனின் அளவுக்குப் பெரிய கணக்கு வேண்டாம். ரிசீவரின் பின்னால் எழுதியிருக்கும் வாட்டுக்கு இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே சுருளில் சுற்றிய ஆட்டோ வகை மலிவு, தனித்தனிச் சுருள் வகை விலை கூடுதல், எடையும் கூடுதல். ஜப்பான் பிளக்கில் எர்த் கிடையாது என்பதால் மலிவு வகையில் ஈரக்காலோடு பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று ஒரு கூச்சம் தெரியும், பிளக்கைத் திருப்பிப் போட்டால் குறையும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் தனிச் சுருள் வகையே வாங்கிவிடுங்கள், நான் அதைத்தான் வாங்கினேன். டிஷ் கேபிளைச் செருகினால் கேட்கும் அந்த ம்ம்ம் என்ற இரைச்சலும் இதில் ரொம்பக் குறைவு.

அடுத்தது இன்வெர்ட்டர். கரண்டு போகும்போது நம் வீடுகளில் பேட்டரியில் ஓடுவது விளக்கு, ஃபேன், டிவி, வைஃபை ரௌட்டர். ரிசீவரை அதில் மாட்டுவது வீண், பேட்டரியைக் குடித்துவிடும், அதோடு மலிவு இன்வெர்ட்டரின் சதுர அலையில் ஸ்டெப்டவுன் உறுமும். ஆகவே மின்வெட்டில் ரிசீவர் செத்துக் கிடக்கும் என்று வைத்துக்கொண்டுதான் வயரிங் யோசிக்க வேண்டும். எல்லாப் பெட்டியையும் ரிசீவரில் செருகு, ரிசீவரிலிருந்து ஒரே கேபிள் டிவிக்கு, என்றுதான் எல்லா வழிகாட்டியும் சொல்லும். கரண்டு போகாத ஊருக்கு அது சரி. இங்கே அப்படி மாட்டினால் ரிசீவருக்குக் கரண்டு இல்லாத நேரமெல்லாம் டிவி எரியும், பாக்ஸ் எரியும், படம் மட்டும் வராது, ஏனென்றால் படம் செத்த பெட்டி வழியாக வர வேண்டியிருக்கிறது. நான் ஆண்ட்ராய்டு பாக்ஸையும் டிஷ் பெட்டியையும் நேராக டிவியில் செருகிவிட்டு, டிவியிலிருந்து ஏஆர்சி (டிவியின் சத்தத்தை எச்டிஎம்ஐ கேபிளிலேயே திருப்பி அனுப்பும் வசதி) வழியாகச் சத்தத்தை மட்டும் ரிசீவருக்கு அனுப்புகிறேன். கரண்டு போனால் ஒரு பட்டனில் டிவியின் சொந்த ஸ்பீக்கருக்கு மாறிக்கொள்ளலாம், வீட்டில் சீரியல் பார்க்கிறவர்களுக்கு ஒரு வசனம்கூடத் தவறாது.

இதில் ஒரு குறை உண்டு. சாதாரண ஏஆர்சி வழியாக ப்ளூரே வட்டில் இருக்கும் தரம் குறையாத ட்ரூஎச்டி மாதிரி ஒலி வராது, அதற்கு ஏஆர்சியின் மேம்பட்ட வகையான இஏஆர்சி வேண்டும், இந்த மாடலில் அது இல்லை. ஆனால் ஓடிடியில் வரும் 5.1 ஒலி தாராளமாக வரும். டிவி மெனுவில் டிஜிட்டல் ஆடியோ என்ற இடத்தில் பிசிஎம் என்று இருந்தால் அதை ஆட்டோ அல்லது பாஸ்த்ரூ என்று மாற்றுங்கள், இல்லையென்றால் ஐந்து ஸ்பீக்கர் வாங்கி இரண்டு சேனல் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

வாட் பற்றிச் சுருக்கமாக. இந்த ரிசீவர் 70 வாட், 6 ஓமில், இரண்டு சேனல் ஓடும்போது, 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை அளந்த கணக்கு. இதே பெட்டிக்கு ஒரே சேனலை மட்டும் ஓட்டி, ஒரே சுருதியில், கரகரப்பைக் கொஞ்சம் கூட விட்டு அளந்தால் 100-க்கு மேல் எழுதலாம், விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது அந்த மாதிரி எண்தான். ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், ஆனால் அளந்த விதம் ஒன்றாக இல்லாத இரண்டு எண்களை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. உண்மையாகவே 70-க்கும் 100-க்கும் வித்தியாசம் ஒன்றரை டெசிபல்தான், காதுக்கு அநேகமாகத் தெரியவே தெரியாது.

எங்கள் வீடு டவுனில் வழக்கமான ஃபிளாட், அகலம் 12.5 அடி, நீளம் 50 அடி, முன்பக்கம் ஹால். தரையெல்லாம் டைல்ஸ், கைதட்டினால் திரும்பக் கேட்கும். இந்த அறைக்கு 70 வாட்டே அதிகம், பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. 12.5 அடி அகலத்துக்குச் சுமார் 45 ஹெர்ட்ஸில் சுவருக்குச் சுவர் அலை நின்றுகொள்ளும். சப்வூஃபரைச் சுவரோரம் வைத்து நீங்களும் எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்தால் எல்லாப் பாட்டிலும் ஒரே பேஸ் நோட்டு மட்டும் தடித்துத் தெரியும், நடுவில் உட்கார்ந்தால் அதே நோட்டு காணாமல் போகும். இதற்குச் செலவில்லாத வழி உண்டு. சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் நாற்காலியில் வையுங்கள், பேஸ் அதிகமுள்ள பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு நீங்கள் சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள், எந்த இடத்தில் பேஸ் சீராகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை வைத்துவிடுங்கள். தவழ்வதைப் பார்த்து வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எனக்கு அந்த இடம் மூலையில் இல்லை, டிவி மேசைக்கும் பால்கனிக் கதவுக்கும் நடுவில் வந்தது.

அப்புறம்தான் மைக். ஒய்பிஏஓ என்று யமஹா சொல்லும் அந்த அளவெடுப்பு சில நிமிடத்தில் முடிந்துவிடும், தூரம், சத்தம் எல்லாம் சரியாகவே பிடிக்கிறது. இரண்டு இடத்தில் மட்டும் நான் கை வைத்தேன். முன் ஸ்பீக்கர்களைப் பெரியது என்று முடிவு கட்டியிருந்தது, அவற்றைச் சிறியது என்று மாற்றி 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை சப்வூஃபரிடம் விட்டதும் பாரம் குறைந்து பேச்சு தெளிந்தது. நடு ஸ்பீக்கரைக் கொஞ்சம் ஏற்றினேன், தமிழ்ப் படங்களில் பின்னணி இசை வசனத்தை மூடுவது கொஞ்சமா நஞ்சமா. சப்வூஃபர் தூரத்தை உண்மையைவிட அதிகமாகக் காட்டும், அதைத் தப்பு என்று திருத்தாதீர்கள், அதன் உள்ளே இருக்கும் ஃபில்டர் ஏற்படுத்தும் தாமதத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறது.

சப்வூஃபரை டைல்ஸ் மேல் நேராக வைத்திருந்த காலத்தில் கீழ்வீட்டு ஆச்சி படிக்கட்டில் நிறுத்திக் கேட்டார், "ஏம்ப்பா, ராத்திரியில உங்க வீட்ல மட்டும் எப்படி இடி இடிக்குது?" தடித்த ரப்பர் பாய் ஒன்றை அடியில் போட்டு, இரவு 9 மணிக்கு மேல் டைனமிக் ரேஞ்சை, அதாவது பெரிய சத்தத்துக்கும் சின்னச் சத்தத்துக்கும் உள்ள இடைவெளியை, குறைவு என்று வைத்த பிறகு ஆச்சியிடமிருந்து புகார் இல்லை.

டிஷ்ஷில் வரும் தமிழ்ச் சேனலும் யூடியூபும் பெரும்பாலும் இரண்டு சேனல்தான். அவற்றை ஐந்தாக விரித்துக் கேட்பதைவிட ஸ்ட்ரெயிட் என்ற பட்டனை அழுத்தி அப்படியே கேட்பது எனக்குப் பிடிக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் அப்பா தன் போனிலிருந்து புளூடூத்தில் பக்திப் பாட்டு போடுவார், இந்த வீட்டில் ரிசீவரை அதிகம் பயன்படுத்துகிறவர் அவர்தான் என்றுகூடச் சொல்லலாம். எஃப்எம் கேட்கிறவர்களுக்கு ஒரு விஷயம்: ஜப்பான் டியூனர் 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 95-இல் நின்றுவிடும், பழைய மாடல் என்றால் 90-லேயே. யாங்கோனின் சிட்டி எஃப்எம் 89-இல் இருப்பதால் தப்பித்தது, 95-க்கு மேலே உள்ளது எதுவும் வராது.

மழைக்காலம் வேறு ஒரு எதிரி. பெட்டிக்கு மேலே ஒரு அடியாவது காலி விட்டுத் திறந்த அலமாரியில்தான் வைத்திருக்கிறேன், வெயிலில் சூடு போகவும் மழையில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கவும் அதுவே வழி. பயன்படுத்தாத நாளிலும் கொஞ்ச நேரம் ஓடவிடுவேன், உள்ளே ஈரம் தங்காது. பல்லிக்குக் கதகதப்பான இடம் பிடிக்கும், காற்றோட்டத் துவாரத்தின் மேல் கொசுவலைத் துணி ஒரு அடுக்கு போதும், அதற்கு மேல் போட்டால் சூடு அடைபடும்.

பழைய சாமான் கடைக்குப் போகிறவர்களுக்கு: முதலில் மைக்கும் ரிமோட்டும் இருக்கிறதா பாருங்கள். வேறு பிராண்டு மைக் செருகலாம், ஆனால் அளவு சரியாக வராது. கடையிலேயே 100 வோல்ட் பிளக் இருக்கும், ஓட்டிக் காட்டச் சொல்லி ஒவ்வொரு எச்டிஎம்ஐ ஓட்டையையும் தனித்தனியாகச் சோதியுங்கள். சத்தத்தை அடிமட்டத்தில் வைத்து ஒவ்வொரு ஸ்பீக்கராகக் கேளுங்கள், ஒரு பக்கம் வராமல் இருந்து சத்தம் கூட்டினால் மட்டும் வந்தால் உள்ளே ரிலே கறுத்திருக்கிறது என்று அர்த்தம், விலையைக் குறைக்கச் சொல்லலாம் அல்லது விட்டுவிட்டு வரலாம். ஜப்பான் ஸ்பீக்கர் வாங்கினால் முன் வலையைக் கழற்றிக் கூம்பின் விளிம்பை விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள். ரப்பர் என்றால் பிரச்சினையில்லை. ஃபோம் என்றால் பிசுபிசுவென்று ஒட்டும், அல்லது தொட்ட இடம் தூளாக உதிரும், நம் ஊர் ஈரத்தில் அது இன்னொரு மழைக்காலம் தாங்காது. திரையில் மெனு ஜப்பானிய மொழியில் இருந்தால் பயப்பட வேண்டாம், மொழி மாற்றும் இடம் மெனுவுக்குள்ளேயே இருக்கிறது, போன் கேமராவைக் காட்டினால் எது என்று சொல்லிவிடும்.

விளையாட்டுக் கன்சோல் வைத்து 4கே 120 ஃபிரேமில் ஆடுகிறவர்கள் இந்த மாடலுக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை, கன்சோலையும் டிவியிலேயே செருகிவிடலாம். அட்மாஸ் வேண்டும் என்பவர்கள் மட்டும் வேறு மாடல் தேடுங்கள், அதோடு கூரையில் ஸ்பீக்கர் மாட்ட வீட்டுக்காரர் சம்மதிப்பாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.