பிடபிள்யூஎம்மா எம்பிபிடியா, ஆசிடா லித்தியமா: வீட்டு சோலார் பேட்டரி சார்ஜிங் ஒரு அலசல்

சோலார் போடணும்னு கிளம்பினவுடனே எல்லாரும் கேக்குறது, பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவுல இருந்து சார்ஜைக் கட்டுப்படுத்துற கன்ட்ரோலர்ல பிடபிள்யூஎம் வகை வாங்கலாமா எம்பிபிடி வகை வாங்கலாமான்னுதான். என்னைக் கேட்டா அது ரெண்டாவது கேள்வி. முதல்ல வீட்ல இருக்கறது என்ன பேட்டரி, அதுக்கு எப்படி சார்ஜ் ஏறணும்னு முடிவு பண்ணணும், ஏன்னா ஒரே பேனல் ஒரே இன்வெர்ட்டர் வச்சிருந்தும் ஒரு வீட்ல பேட்டரி வருஷக்கணக்கா ஓடுது இன்னொரு வீட்ல சீக்கிரமே படுத்துடுது, அதுக்குக் காரணம் பெரும்பாலும் சார்ஜிங் செட்டிங்தான்.

கீழ சொல்ற பேட்டரி வோல்டேஜ் எல்லாம் 12 வோல்ட் சிஸ்டத்துக்கு, 24 வோல்ட்னா ரெண்டால பெருக்கிக்கோங்க.

ஆசிட் பேட்டரிக்கும், அதாவது தண்ணி ஊத்துற லெட் ஆசிட் வகைக்கும், லித்தியத்துக்கும் சார்ஜ் ஏறுற விதமே வேற. ஆசிட்ல முதல் கட்டம் பல்க், பேனல் குடுக்குற கரண்ட் மொத்தத்தையும் வாங்கிக்கும், வோல்டேஜ் மெல்ல 14.4 கிட்ட ஏறும். அடுத்தது அப்சார்ப்ஷன், வோல்டேஜ் அங்கயே நிக்கும், கரண்ட் மட்டும் கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். அப்புறம் ஃப்ளோட், அதாவது ஃபுல் ஆனதை அப்படியே தக்க வைக்கிற கட்டம், 13.5லேர்ந்து 13.8க்குள்ள. இதுல நடுக் கட்டத்துலதான் பல பேர் கோட்டை விடுறாங்க. முதல் 80 சதவீதம் வேகமா ஏறிடும், மிச்ச 20 சதவீதத்துக்கு மணிக்கணக்கா ஆகும், ஆனா மீட்டர்ல 14.4 காட்டினதும் ஃபுல் ஆயிடுச்சுன்னு நெனச்சு மத்தியானமே மோட்டர், மிக்ஸின்னு எல்லா லோடையும் ஏத்திடுறாங்க. 150 ஏஹெச் (ஆம்பியர்-ஹவர், பேட்டரியோட கெப்பாசிட்டி) பேட்டரின்னா 14.4ல நின்னுக்கிட்டே, 15 ஆம்ப்ஸ் ஓடிட்டு இருந்தது 2, 3 ஆம்ப்ஸுக்கு இறங்கினாத்தான் அது நெஜமான ஃபுல். இப்படி தினமும் அரைகுறையா விட்டா தகட்டுல சல்ஃபேட் படிஞ்சு கெட்டியாகிடும், அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கெப்பாசிட்டி திரும்பாது.

லித்தியம், அதாவது வீட்டு சோலாருக்கு இப்ப அதிகமா போடுற எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை, இதுக்கு நேர் எதிர். பாதி சார்ஜ்ல நாள்கணக்கா கெடந்தாலும் ஒண்ணும் ஆகாது. சொல்லப்போனா எப்பவும் 100 சதவீதத்துலயே, அதுவும் சூடான ரூம்ல வச்சிருந்தாத்தான் சீக்கிரம் வயசாகும். 14.2லேர்ந்து 14.4 வரைக்கும் ஏத்தினா போதும், ஃப்ளோட் அவசியமே இல்ல, கன்ட்ரோலர்ல கட்டாயம் ஒரு நம்பர் குடுக்கணும்னா 13.4 மாதிரி குடுத்துடலாம். ஆனா ஒண்ணு, வாரத்துக்கு ஒரு தடவையாவது ஃபுல்லா ஏத்தணும், ஏன்னா உள்ள இருக்குற பிஎம்எஸ், அதாவது பேட்டரியைக் காவல் காக்குற சர்க்யூட், செல்களை சமப்படுத்துற வேலையை பெரும்பாலும் சார்ஜ் உச்சிக்குப் போகும்போதுதான் பண்ணும்.

ஆசிட் செட்டிங்கை அப்படியே லித்தியத்துக்கு விடக் கூடாதுன்னு சொல்றதுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு ஈக்வலைசேஷன், ஆசிட் பேட்டரிக்கு அப்பப்ப 15 வோல்ட்டுக்கு மேல ஏத்தி கொதிக்க விடுவாங்க, லித்தியத்துல ஒரு செல்லுக்கு 3.65 வோல்ட்தான் உச்சம், நாலு செல் சேர்ந்தா 14.6, அதைத் தாண்டினா பிஎம்எஸ் கட் பண்ணிடும். ரெண்டாவது டெம்பரேச்சர் காம்பன்சேஷன். ஆசிட் பேட்டரிக்கு சொல்ற வோல்டேஜ் எல்லாம் 25 டிகிரிக்கு, பேட்டரி ஒவ்வொரு டிகிரி சூடாகும்போதும் சுமார் 0.02லேர்ந்து 0.03 வோல்ட் வரை குறைக்கணும், 40 டிகிரியில 14.4ங்கறது 14 பக்கம் வந்துடும். சென்சார் இல்லாம வெயில் காலத்துல அதே 14.4 போட்டுக்கிட்டே இருந்தா தண்ணி சீக்கிரம் வத்தும், தகடு அரிக்கும். லித்தியத்துக்கு இந்தக் காம்பன்சேஷனை ஆஃப் பண்ணணும். அது பயப்படுறது குளிருக்கு, செல் 0 டிகிரிக்கு கீழ இருக்கும்போது சார்ஜ் ஏத்தினா உள்ள லித்தியம் உலோகமா படிஞ்சு செல் நிரந்தரமா கெட்டுப்போகும்.

இப்ப கன்ட்ரோலருக்கு வருவோம். பிடபிள்யூஎம் ஒரு ஸ்விட்ச் மாதிரிதான், பேனலை நேரா பேட்டரியோட சேத்துடும், அதனால பேனல் வோல்டேஜ் பேட்டரி வோல்டேஜுக்கு இறங்கிடும். 36 செல் 100 வாட்ஸ் பேனல் 18 வோல்ட்ல 5.6 ஆம்ப்ஸ் குடுக்கும்னு வைங்க, பேட்டரி 13 வோல்ட்ல இருந்தா கெடைக்கறது 73 வாட்ஸ்தான். எம்பிபிடி அந்த 18 வோல்ட்லயே பேனலை ஓட்டி, மிச்ச வோல்டேஜை ஆம்பியரா மாத்திக் குடுக்கும். கேக்க எம்பிபிடி ஒரேயடியா ஜெயிச்ச மாதிரி இருக்கும், ஆனா பேனல் வெயில்ல 60 டிகிரி சூடாச்சுன்னா அந்த 18 வோல்ட்டே 15.5க்கு இறங்கிடும், பேட்டரியோ அப்சார்ப்ஷன்ல 14க்கு மேல நிக்கும், அப்ப ரெண்டுக்கும் வித்தியாசம் 10 சதவீதம் கூட தேறாது. அதனால ஒண்ணு ரெண்டு 36 செல் பேனல், ஒரு ஆசிட் பேட்டரி, ராத்திரி நாலு லைட்டு ஒரு ஃபேனுன்னா நல்ல பிடபிள்யூஎம்மே போதும். மிச்சமாகுற காசுல டெம்பரேச்சர் சென்சார் இருக்குற மாடலா எடுங்க, அது அந்த 10 சதவீதத்தை விட பேட்டரிக்கு நல்லது பண்ணும்.

கதை மாறுறது பெரிய பேனல்ல. 60 செல் 300 வாட்ஸ் பேனல் 31 வோல்ட்ல ஓடுறது, இதை 12 வோல்ட் பேட்டரிக்கு பிடபிள்யூஎம்ல போட்டா சுமார் 125 வாட்ஸ்தான் உள்ள வரும், பாதிக்கு மேல அப்படியே போச்சு. இங்க எம்பிபிடி தவிர வேற வழியே இல்ல. கணக்கு போட்டுப் பாருங்க: 150 ஏஹெச் ஆசிட் பேட்டரியில ராத்திரி பாதி எடுத்தாச்சு, 75 ஏஹெச் திரும்பணும்னா இழப்பு சேர்த்து 86 ஏஹெச் கிட்ட உள்ள போகணும், நல்ல வெயில் 5 மணி நேரம்னு வச்சா, ரெண்டு 100 வாட்ஸ் பேனல் பிடபிள்யூஎம்ல 11 ஆம்ப்ஸ் குடுத்து 55 ஏஹெச்தான் ஆச்சு. தினமும் 30 ஏஹெச் கடன். 300 வாட்ஸ் எம்பிபிடில 20 ஆம்ப்ஸ் வந்தா 100 ஏஹெச், அதுவும் பகல்ல லோடு இல்லாம இருந்தா. எம்பிபிடி எடுக்கும்போது ஒரே ஒரு ஜாக்கிரதை, பேனல்களை சீரிஸ்ல, அதாவது ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா, போட்டா ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் (லோடு எதுவும் இல்லாதப்ப பேனல் காட்டுற வோல்டேஜ்) கூடும், குளிர்ல இன்னும் ஏறும், ஒரு டிகிரிக்கு சுமார் 0.3 சதவீதம், அதனால வருஷத்துலயே குளிரான காலையில எவ்வளவு வரும்னு பாத்து கன்ட்ரோலரோட லிமிட்டுக்கு கீழயே நிறுத்துங்க.

அடுத்தது இன்வெர்ட்டர் பிரயாரிட்டி, அதாவது எந்தக் கரண்ட்டை முதல்ல எடுக்கணும்ங்கற செட்டிங், என் பார்வையில பேட்டரி ஆயுசை முடிவு பண்றதே இதுதான். எஸ்பியூ மோடுல சோலார், அது பத்தலன்னா பேட்டரி, அதுவும் இறங்கினாத்தான் லைன் கரண்ட். பில்லு குறையும்னு கண்ணை மூடிக்கிட்டு இதைப் போடுறாங்க. லித்தியமா இருந்தா தாராளமா போடுங்க, தினமும் ஏறி இறங்கத்தான் அது வாங்கினது. ஆசிட்னா வேண்டாம்னுதான் சொல்வேன், தினமும் ஆழமா இறங்கி, மறுநாள் மேகமூட்டம்னா பாதி ஏறி, மறுபடி இறங்கி, மேல சொன்ன சல்ஃபேட் கதைதான். ஆசிட்டுக்கு பகல்ல லோடும் சார்ஜும் சோலார்ல, ராத்திரி லைன் கரண்ட், கரண்ட் போனா மட்டும் பேட்டரி, அதுதான் சரி.

இல்ல எஸ்பியூதான் போடுவேன்னா ரெண்டு நம்பரை மட்டும் மாத்துங்க. லைனுக்கு திரும்புற வோல்டேஜ் ஃபேக்டரி செட்டிங்ல பெரும்பாலும் ரொம்ப கீழ இருக்கும், ஆசிட்டுக்கு அதை 12க்கு ஏத்துங்க, லித்தியத்துக்கு 12.8 பக்கம். திரும்ப பேட்டரிக்கு மாறுற வோல்டேஜை ஆசிட்டுக்கு 13.5க்கு மேல வைங்க, ஃபுல்னு ஒரு ஆப்ஷன் இருந்தா அதையே போட்டுடுங்க.

லித்தியத்துல வோல்டேஜை வச்சு சதவீதம் சொல்ற மீட்டரை மட்டும் நம்பிடாதீங்க. 30லேர்ந்து 80 சதவீதம் வரைக்கும் அது 13.1, 13.3 இந்த ரேஞ்சுலயே நிக்கும், லோடு மாறினா கூட அவ்வளவு ஆடும். ஷன்ட் (பேட்டரி வயர்ல போற கரண்ட்டை அளக்குற துண்டு) வச்ச மீட்டர் உள்ள போற, வெளிய வர்ற ஆம்ப்ஸை எண்ணி சொல்லும், அதுதான் சரிப்படும், ஆனா அதுவும் நாளாக ஆக கொஞ்சம் கொஞ்சமா தப்பும், பேட்டரி ஃபுல் ஆகும்போதுதான் 100க்கு வந்து சரியாகும். ஆசிட்டுக்கு, ஆசிடோட அடர்த்தியை அளக்குற ஹைட்ரோமீட்டரை மிஞ்சினது இல்ல, ஆறு செல்லும் தனித்தனியா பாருங்க, ஒண்ணு மட்டும் கீழ இருந்தா அங்கதான் பிரச்சனை.

கன்ட்ரோலர் மாத்தும்போது முதல்ல பேனலைக் கழட்டிட்டு அப்புறம் பேட்டரி, திரும்ப மாட்டும்போது முதல்ல பேட்டரி அப்புறம் பேனல். பேனல் மட்டும் மாட்டி பேட்டரி இல்லாம விட்டா 12ஆ 24ஆன்னு தானா கண்டுபிடிக்கற கன்ட்ரோலர் தப்பா எடுத்துக்கும், சிலது புகையே விட்டுடும்.