டேட்டா லாகர்னு சொல்லி 38,500 ரூபா போச்சு. வாங்கப் போறவங்க படிச்சுட்டுப் போங்க

இன்னும் கடுப்பு அடங்கல. எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கங்க. டேட்டா லாகர்னா வண்டி ஓடறப்ப வேகம், ஆர்பிஎம் எல்லாம் பதிவு பண்ற பொட்டி. முப்பத்தெட்டாயிரத்து ஐநூறு ரூபா. பனியன் கம்பெனி கட்டிங் செக்‌ஷன்ல நைட் நின்னு சேத்த காசுங்க.

கடை பேரு போட மாட்டேன், வக்கீல் நோட்டீஸுக்கு செலவழிக்க என்கிட்ட இப்ப காசும் இல்ல. வகை மட்டும் சொல்றேன். கோயமுத்தூர்ல பைக்குக்கும் காருக்கும் பெர்ஃபாமன்ஸ் சாமான் விக்கற கடை. சைலன்சர், ஃபில்டர், ஸ்ப்ராக்கெட், கூடவே இன்ஸ்டால நாளுக்கு ரெண்டு ரீல்ஸ்.

எங்கிட்ட இருக்கறது கார்புரேட்டர் வச்ச பழைய 220 சிசி பைக். பைபாஸ்ல படம் காட்டற ஆளு இல்லீங்க நானு. செட்டிபாளையம் டிராக்குல காசு கட்டி நேரம் எடுத்து, ஜாக்கெட், குளோவ்ஸ் எல்லாம் போட்டுட்டு ஓட்டறவன். டிராக் (drag) ரேஸ்னா 402 மீட்டர் நேர்கோடு, அதாவது கால் மைல். பாக்கறவங்களுக்கு முறுக்கினா முடிஞ்சுதுன்னு தோணும். ஆனா முதல் 60 அடியில விட்ட நேரம் கடைசிக் கோட்டுல வட்டியும் முதலுமா வந்து நிக்கும். அந்த 60 அடியில கிளட்ச் வழுக்குச்சா, பின்டயர் சும்மா சுத்துச்சா, கியர் மாத்தறதுல எவ்வளவு போச்சுன்னு ஓட்டறவனுக்கே சரியாத் தெரியாது. முன்சக்கரம் தூக்கின ரன்னு பறந்த மாதிரி இருக்கும், நேரத்தப் பாத்தா அதுதான் மோசமா இருக்கும். அதனாலதான் ஆர்பிஎம், வேகம், லாம்டா (பெட்ரோலும் காத்தும் கலக்கற அளவு) மூணையும் ஒரே நேரத்துல பதிவு பண்ற லாகர் வேணும்னு கொஞ்ச நாளாவே நெனப்பு.

கடைக்குள்ள போனதும் ஓனரே எந்திரிச்சு வந்தாரு.

"வாங்க தம்பி, உக்காருங்க. எந்தூருங்க?"

"திருப்பூருங்கண்ணா. சொந்த ஊரு காங்கயம் பக்கம்."

"அட, காங்கயமா! எங்க அமுச்சி ஊரு வெள்ளகோயில்தானுங்க. இந்தப் பக்கம் வராமயே இருந்துட்டீங்களே!"

டீ வந்துச்சு, கூட தேங்கா பன்னு வந்துச்சு. அமுச்சி, அதாவது அம்மாவப் பெத்தவங்க ஊருன்னு ஒருத்தரு சொன்னா நம்மாளுங்க பாதி எறங்கிருவோம், அது அவருக்கு நல்லாத் தெரியும். அப்பறம் ஆரம்பிச்சாரு. ரேஸ் கார் ஓட்டின கரிவரதன் ஊருங்க தம்பி இது, நரேன் கார்த்திகேயன் 2005ல எஃப்1 ஓட்டினப்ப உலகமே திரும்பிப் பாத்த ஊரு, இங்க வந்து பொம்மையா விப்போம்னு கேட்டாரு. செத்துப்போன கரிவரதன் பேரையெல்லாம் இழுத்து வியாபாரம் பண்ணியிருக்காருன்னு இப்ப நெனச்சாத்தான் வயிறு எரியுது.

லேப்டாப்பத் திருப்பி ஒரு கிராஃப் காட்டினாரு. அதச் சொல்லியே ஆகணும். பால் பாயிண்ட் பேனா முனையில ஒவ்வொரு எடமா தொட்டுக் காட்டினாரு. "ரெண்டாவதுல இருந்து மூணாவது போடறப்ப வேகக் கோடு ஒடியுது பாருங்க தம்பி. அந்தத் தட்டையா இருக்கற எடம்தான் உங்க கை எடுத்துக்கற நேரம். மில்லி செகண்டுல சொல்லிரும்." உண்மையிலயே அழகான கிராஃப். ஆர்பிஎம் விழுகற எடத்துல வேகம் கால் செகண்டு நிக்குது, மறுபடி ஏறுது. வேகத்த அளக்கற ஜிபிஎஸ் 25 ஹெர்ட்ஸாம், செகண்டுக்கு 25 தடவ அளக்குமாம். கலவை அளவ துல்லியமா நம்பராச் சொல்ற வைட்பேண்ட் லாம்டா சென்சரோட சேத்து 38,500. பில் கேட்டேன். "ஜிஎஸ்டி போட்டா 18 சதவீதம் எச்சா வருமுங்க, நம்ம புள்ளைக்கு எதுக்குங்க அது? வாரண்டிக்கு நானே இருக்கறேன்" அப்படின்னு 'எஸ்டிமேட்'னு அச்சடிச்ச துண்டுச்சீட்டுல எழுதிக் குடுத்தாரு. ஜிபேல அனுப்பினா கடை பேரு வரல, யாரோ ஒரு அம்மா பேரு வந்துச்சு. "வீட்ல இருக்கறவங்க அக்கவுண்டுதானுங்க தம்பி."

மாட்டிட்டுப் போய் டிராக்குல 201 மீட்டர் ஓட்டிப் பாத்தோம். ஆப்புல கிராஃப் வழவழன்னு வந்துச்சு, அதுதான் இடிச்சுது. கியர் மாத்தற எடத்துல ஆர்பிஎம் விழுகுது, ஆனா வேகக் கோடு ஸ்கேல் வச்சு இழுத்த மாதிரி நேரா ஏறுது. கிளட்ச் புடிச்சு இஞ்சின் கழண்டு கெடக்கற நேரத்துல வண்டி எப்புடிங்க அதே மாதிரி வேகம் புடிக்கும்?

பீளமேட்டுல எலக்ட்ரானிக்ஸ் வேலை பாக்கற எங்க மாமா பையன் ஃபைல எக்செல்ல தொறந்தான். வேகத்துக்கு நேரா 61.0, 61.3, 61.6, 61.9. இப்புடியே 25 வரிக்கு 0.3, 0.3ன்னு கூடுது. அடுத்த 25 வரிக்கு 0.2, 0.2ன்னு கூடுது. "மாப்ள, இது செகண்டுக்கு ஒரே ஒரு தடவதான் அளக்குது. நடுவுல இருக்கற 24 வரியையும் அதுவே கணக்குப் போட்டு நெரப்பிக்குது"ன்னான். என் வண்டி 60 அடியக் கடக்க ரெண்டரை செகண்டு ஆகும். செகண்டுக்கு ஒரு புள்ளின்னா அதுக்குள்ள வர்றது ரெண்டே புள்ளி. நூறுல போறப்ப ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவுல வண்டி 28 மீட்டர் போயிருக்கும். இதுல எங்கிருந்துங்க கிளட்ச் வழுக்கறதப் பாக்கறது? பொட்டியத் தொறந்தா உள்ள காலேஜ் பசங்க புராஜெக்ட்டுக்கு வாங்கற நியோ 6எம் ஜிபிஎஸ் மாட்யூல், சில நூறு ரூபாய்க்குக் கெடைக்கறது. அதுக்கு உச்சமே செகண்டுக்கு 5 தடவதான். கடையில காட்டின கிராஃப் இந்தப் பொட்டியில எடுத்ததே இல்லைன்னு அப்பத்தான் ஒறைச்சுது.

லாம்டா கதை இன்னும் மோசம். ஃபுல் திராட்டில்ல பெட்ரோல் எச்சாப் போகுதுன்னு காட்டுச்சு. அத நம்பி கார்புரேட்டர்ல பெட்ரோல் போற ஓட்டைய, அதான் மெயின் ஜெட்ட, ரெண்டு சைஸ் கொறச்சோம். தாராபுரம் ரோட்டுல எங்களுக்கு வழக்கமா வண்டி பாக்கற மெக்கானிக் அண்ணன் பிளக்கக் கழட்டி வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டு, பெட்ரோல் பத்தாம பீங்கான் வெள்ளை வெளேர்னு இருக்கு, இன்னும் நாலு தடவ முறுக்கினா பிஸ்டன் போயிரும்னு திட்டினாரு. சென்சர்ல வந்த வயர எண்ணினா நாலு. வைட்பேண்டுக்கு அஞ்சு வரும். இது சாதா நேரோபேண்ட். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில 14.7 பங்கு காத்துங்கற கணக்குக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும், 12.8ஆ 13.2ஆன்னு சொல்லவே வராது. டிஸ்ப்ளேல ஓடின நம்பரெல்லாம் சும்மா.

ஃபோன் பண்ணினேன். மொதல்ல "சாட்டிலைட் சரியா சிக்கியிருக்காதுங்க தம்பி, மேகமா இருந்துச்சுல்ல". அடுத்து "பாலக்காட்டுக் கணவாய்க் காத்துங்க தம்பி, இந்த மாசத்துல எவன் டெஸ்ட் பண்ணுவான்". காத்து எதுக்க அடிச்சா வேகம் கொறையும், ஒத்துக்கறேன். காத்து வந்து ஃபைலுக்குள்ள 0.3, 0.3ன்னு எழுதிட்டுப் போகுமா? அப்பறம் சாஃப்ட்வேர் அப்டேட் வருதுன்னாரு. அப்பறம் ஆடி முடியட்டும், கடையில ஆளில்லைன்னாரு. நேர்ல போனா டீயும் இல்ல, பன்னும் இல்ல. கவுண்டர்ல இருந்த பையன், "சார், எலக்ட்ரானிக் ஐட்டத்துக்கு ரிட்டர்ன் கெடையாது சார், பில் இருக்கா சார்?"ங்கறான். ஓனரு உள்ள ரூம்ல உக்காந்துட்டு இருக்கறது கண்ணாடி வழியா தெரியுது, தலையத் தூக்கவே இல்ல. எக்செல் ஸ்க்ரீன்ஷாட்ட வாட்ஸப்புல அனுப்பினேன். நீல டிக் வந்துச்சு. நேத்து காலையில பாத்தா டிபி காணோம், அனுப்பறதெல்லாம் ஒத்த டிக்குல நிக்குது. 38,500 ரூபா வாங்கின மனுசன் பிளாக் பண்ணிட்டாரு.

வாங்கறவங்க என்னென்ன பாக்கணும்னு விலாவாரியா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன், இப்ப அதுக்குப் பொறுமை இல்ல. காசு குடுக்கறதுக்கு முன்னாடி உங்க வண்டியில மாட்டி ஒரு ரவுண்டு ஓட்டி, ஃபைல வாங்கி நீங்களே தொறந்து பாருங்க. வேகம் வரிக்கு வரி ஒரே அளவா கூடிட்டே போனா எந்திரிச்சு வந்துருங்க. லாம்டா வயர எண்ணுங்க. ஜிஎஸ்டி பில் இல்லாம வாங்காதீங்க, கடை பேருக்கு இல்லாம வேற பேருக்கு காசு அனுப்பாதீங்க. கையில காசு கம்மின்னா 60 அடியில ஒரு கோன் வச்சு, சைடுல இருந்து ஃபோன்ல 240 ஃபிரேம் ஸ்லோமோஷன்ல எடுத்து ஃபிரேம எண்ணிக்கங்க. என் 38,500 ரூபா பொட்டிய விட அது ஒழுங்கா நேரம் சொல்லுது.

1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் பதிஞ்சாச்சு. அதுல நகரலைன்னா கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கெடையாது, ரெண்டு வருசத்துக்குள்ள போடலாம். எஸ்டிமேட் சீட்டு, ஜிபே ரசீது, எக்செல் ஃபைல் எல்லாம் பத்திரமா எடுத்து வச்சிருக்கேன். இதே கடையில இதே பொட்டிய வாங்கினவங்க யாராச்சும் இருந்தா இன்பாக்ஸ் வாங்க, சேந்தே போடலாம்.